சோற்றுக்குக் கணக்கு எழுதிய ஸ்ரீ குமாரப்பா

ஒரு தேசத்தின் செல்வத்தை அளக்கப் புகுவோர், அங்கே எத்தனை மோட்டார் வண்டிகள் செய்யப்பட்டன, எத்தனை கருவிகள் கப்பலேறின என்றே பெரும்பாலும் கணக்கெடுக்கிறார்கள். அவற்றைச் செய்த தொழிலாளி அன்றிரவு எதை உண்டு படுத்தான் என்ற கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இந்த இரண்டாவது கணக்கே முதன்மையானது என்று ஆயுள் முழுவதும் வாதாடிய தமிழர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்து மறைந்தார். அவர் துறவியாகப் பிறந்தவரல்லர். இங்கிலாந்தில் பயின்று தேறிய கணக்குப் பரிசோதகர். ஸ்ரீ ஜே. ஸி. குமாரப்பா என்னும் அப்பெரியாரின் சரிதத்தை நமது வாசகர்களுக்கு இன்று நினைவூட்ட விரும்புகிறோம். அதற்குரிய காரணம் வெகு தூரத்தில் இல்லை. சென்னைக்கு மேற்கே, பெங்களூர் ராஜபாட்டையின் இருமருங்கிலும் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் முன்னோருக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம் என்பதே நினைவு. அதைச் சுற்றியுள்ள பூமி ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த பூமி. பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்றே சொல்வார்கள். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அப்பிரதேசத்தின் தோற்றம் மாறிற்று. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2010-ல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை எழுந்தது. கைப்பேசியும் மின்னணுக் கருவிகளும் செய்யும் சாலைகள் சுங்குவார்சத்திரம் வரையிலும், வல்லம், வடகால் வரையிலும் பரவின. வயல் இருந்த இடத்தில் வாயிற்காவலர் நிற்கிறார். பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களிலிருந்தும், பீஹார், ஒடிஸா, அஸ்ஸாம் முதலிய தொலைதூர மாகாணங்களிலிருந்தும் வாலிபர்களும் இளம் பெண்களும் வந்து குவிகிறார்கள். தொழில் வளர்ச்சியை நாம் வெறுப்பவர்களல்லர். நம் பெண் மக்கள் சுயமாகச் சம்பாதிக்கும் நிலை வந்ததில் நமக்குப் பெருமையே. ஆனால் அவர்களுடைய இலையில் என்ன விழுகிறது?

2021 டிசம்பர் மாதத்தில் இந்தக் கேள்வி தெருவுக்கே வந்துவிட்டது. அங்குள்ள ஒரு கைப்பேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி என்னவென்று அறியாமல் தவித்த ஆயிரக்கணக்கான பெண்கள் இராஜபாட்டையில் அமர்ந்து இரவு முழுதும் மறியல் செய்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதித்தபோது விடுதியின் சமையற்கூடத்தில் எலி நடமாட்டத்தையும் சாக்கடைக் கேட்டையும் கண்டு அதை மூடினார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் அடைபட்டுக் கிடந்து, 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் கருவிகளின் உற்பத்தி எவ்வளவு குறையும் என்று விசாரித்தன. விடுதிச் சோற்றைப் பற்றிய விசாரணையை நாம் அதோடு விட்டுவிடலாகாது. விஷம் இல்லாத சோறு எல்லாம் நல்ல சோறாகிவிடாது. வயிற்றை நிரப்புவது வேறு, உடம்பை வளர்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தை நமக்கு எண்ணும் எழுத்துமாக விளக்கியவர் ஸ்ரீ குமாரப்பா.

தஞ்சையிலிருந்து நியூயார்க்குக்கு

1892 ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்பது அவருக்கிட்ட பெயர். சென்னையில் டவ்டன் கலாசாலையில் பயின்றபின் லண்டனுக்குச் சென்று, கணக்குப் பரிசோதனைத் தொழிலில் தேர்ச்சி பெற்று, 1919-ல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டு நடை ஆகியவற்றில் குறைவின்றி வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கை அந்த வழியிலேயே சென்றிருந்தால், பம்பாயின் செல்வர்களில் ஒருவராக முடிந்திருப்பார். இன்று அவர் பெயரை நாம் எழுத வேண்டிய அவசியமும் இராது.

1927-ல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். ஸைரக்யூஸ் ஸர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகத்தில் பட்டம் பெற்றுக் கொலம்பியா ஸர்வகலாசாலையில் பொருளாதாரம் கற்கப் புகுந்தார். அங்கே ஒரு மாதாகோயிலில் இந்தியாவின் வறுமையைக் குறித்து அவர் செய்த பிரசங்கத்தின் சுருக்கம் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ட அவருடைய ஆசிரியர், பேராசிரியர் ஸெலிக்மன், அந்த வறுமைக்கும் ஸர்க்காரின் வரிவிதிப்புக்கும் உள்ள தொடர்பையே ஆராயும்படி அவரைத் தூண்டினார். ஆராய ஆராயக் கணக்கு வெளிப்பட்டது. ஏழை ரயத்திடம் வசூலித்த பணம் ரயத்துக்குத் திரும்பவில்லை. பட்டாளத்துக்கும், உயர்ந்த உத்தியோகஸ்தரின் சம்பளத்துக்கும், கடன் வட்டிக்கும் போயிற்று. அந்நிய ஆட்சியைப் பற்றித் தேசபக்தர்கள் உணர்ச்சியினால் கண்ட உண்மையை, இவர் வரவு செலவுப் புஸ்தகத்தில் கண்டார். அன்றே பழைய கொர்னீலியஸ் மறையத் தொடங்கினார். குமாரப்பா என்ற பூர்விகக் குடும்பப் பெயரை அவர் ஏற்றுக்கொண்டார்.

மகாத்மாவின் முன்னிலையில்

தாம் எழுதிய ஆராய்ச்சியைப் பிரசுரிக்கும் நோக்கத்துடன் 1929 மே மாதம் ஸபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். பட்டு உடுப்பும் கைத்தடியுமாகப் போனவர், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரைக் கண்டார். அவரே மகாத்மா என்று பிறகுதான் தெரிந்தது. ஆராய்ச்சி நூலைத் தமது பத்திரிகையான யங் இந்தியாவில் வெளியிடக் காந்தியடிகள் இசைந்தார். அத்துடன் ஒரு வேலையையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் கிராமங்களுக்குச் சென்று, குடியானவரின் உண்மை நிலையைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதே அது.

குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு ஸ்ரீ குமாரப்பா கிராமம் கிராமமாகச் சென்றார். நிலம் எவ்வளவு, விளைவு எவ்வளவு, கடன் எவ்வளவு, உணவு எவ்வளவு என்று வீடுவீடாக விசாரித்தார். நியூயார்க்கில் ஸர்க்கார் கணக்குகளின் மூலம் அவர் அறிந்த வறுமை இங்கே அடுப்படியில் கண்முன் நின்றது. இந்தியாவில் ஒரு தாலுகாவின் பொருளாதாரத்தை மக்களிடமிருந்தே கேட்டு எழுதிய ஆதி முயற்சிகளில் அது ஒன்று. 1930-ல் உப்பு ஸத்தியாக்கிரஹம் தொடங்கியதும் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பும் அவர் மேல் விழுந்தது. எழுத்துக்கு ஸர்க்கார் அளித்த சன்மானம் சிறைவாசம். ஒருமுறை விடுதலையடைந்து, காங்கிரஸ் நியமித்த கமிட்டியில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்குமுள்ள கடன் கணக்கை ஆராய்ந்து முடித்தார். 1932-ல் மறுபடியும் சிறை புகுந்தார்.

1934 ஜனவரியில் பீஹாரில் பூகம்பம் நேர்ந்து பெருநாசம் விளைந்தது. பாபு ராஜேந்திர பிரஸாத் தலைமையில் அமைந்த நிவாரணக் கமிட்டியின் பணக் கணக்கை ஸ்ரீ குமாரப்பா மேற்பார்த்தார். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 அணா என்று உணவுச் செலவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் அங்கு வந்தபோது, அக்கூட்டத்தின் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார். குருவென்று வணங்கியவருக்கும் விதிவிலக்குக் கிடையாது. பசித்தவன் பெயரால் வசூலித்த காசு பசித்தவனுக்கே சேர வேண்டும் என்பது அவருடைய கணக்கு சாஸ்திரத்தின் முதல் ஸூத்திரம். பொதுப்பணத்தைக் கையாளும் நம் காலத்து ஊழியர்கள் இந்த ஒரு சம்பவத்தையாவது மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மகன்வாடிச் சமையற்கட்டு

1934 அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாஸபையின் தீர்மானப்படி, அவ்வருஷம் டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் அமைந்தது. காரியதரிசி ஸ்ரீ குமாரப்பா. சேட் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில், மகன்வாடி என்னும் பெயருடன் அச்சங்கம் குடிபுகுந்தது. கைத்தொழில் சங்கம் என்றதும் பாயும் கூடையும் முடையும் வேலை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதன் முதல் வேலை சோற்றைச் சீர்திருத்துவதாகவே இருந்தது. தீட்டாத அரிசி, கையால் அரைத்த மாவு, வெல்லம், செக்கெண்ணெய், தேன் ஆகிய இவையே அதன் ஆரம்பத் திட்டங்கள். 1935-ல் மகாத்மாவும் மகன்வாடியில் தங்கிச் சமையற்கட்டையே பரிசோதனைச் சாலையாக்கினார். ஸோயாப் பயறும், சமைக்காத கீரைகளும், எளியோர் பறித்துக்கொள்ளக்கூடிய இலைகளும் அங்கே சோதிக்கப்பட்டன.

அரிசியில் என்ன சீர்திருத்தம் என்று கேட்கலாம். நெல்லின் உமியை நீக்கினால் தவிட்டுப் படலத்துடன் கூடிய அரிசி கிடைக்கிறது. உடம்புக்கு வேண்டிய வைட்டமின் பி-யும் உலோக ஸத்துக்களும் பெரும்பாலும் அந்தப் படலத்திலும் முளையிலும் உள்ளன. யந்திரம் அவற்றையும் சுரண்டி எறிந்து, மல்லிகை போன்ற வெள்ளையரிசியைத் தருகிறது. 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மான் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு சேர்த்த தீனியால் தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் கொடுநோயின் காரணம் விளங்குவதற்கு அதுவே வழிகாட்டிற்று. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மாகாணத்திலேயே குன்னூரில் டாக்டர் மக்கரிஸன், இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசியுணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன. புழுங்கலரிசியில் இந்த நஷ்டம் குறைவு என்பது நம்மவருக்கு ஓர் ஆறுதல். நெல்லைப் புழுக்கும்போது ஸத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

விஞ்ஞானிகள் கண்ட இந்த உண்மையுடன் ஸ்ரீ குமாரப்பா தம் கணக்கையும் சேர்த்தார். உலக்கை பிடித்த பெண்ணின் கூலியை மில் பறித்தது. உண்பவனின் வைட்டமினையும் பறித்தது. தவிட்டை மாட்டுத் தொட்டியிலிருந்து பறித்தது. இவ்வளவு நஷ்டத்துக்கும் ஈடாக அரிசியின் விலை சிறிது குறைந்தது. கடைக்காரனின் சீட்டில் லாபமாகத் தெரிவது, கிராமத்தின் பேரேட்டில் மூன்று பக்கம் நஷ்டமாக ஏறுகிறது. பண்டத்தின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்வது அரைக் கணக்கு என்பதே அவருடைய வாதம்.

எண்ணெயிலும் சர்க்கரையிலும் இதே முறையை அவர் கைக்கொண்டார். ஊர்ச்செக்கில் ஆட்டினால் எண்ணெய் புதிதாகக் கிடைக்கும். பிண்ணாக்கு ஊர் மாட்டுக்கே சேரும். எண்ணெயை இறுகச் செய்து நெய்யைப்போல் விற்கும் வனஸ்பதியை அவர் தொடக்கத்திலேயே எதிர்த்தார். அன்று அவரைப் பிடிவாதக்காரர் என்று நகைத்தவர்கள் பலர். அத்தகைய கொழுப்பின் தீங்கை வைத்திய உலகம் பின்னர் ஒப்புக்கொண்டது. எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்று இந்திய ஸர்க்காரே 2022 ஜனவரி முதல் விதித்தது. நல்ல நிலத்தைக் கரும்புக்குக் கொடுப்பதைவிட, வேறொன்றும் விளையாத தரையில் தானே நிற்கும் பனையிலிருந்து வெல்லம் காய்ச்சினால், அந்த நல்ல நிலத்தில் தானியம் விளையுமே என்று அவர் எடுத்துக்காட்டியது தமிழ்நாட்டுக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

சிறையில் எழுந்த நூல்

யுத்த காலத்தில் ஸர்க்கார் காகிதப் பணத்தை அச்சிட்டுக் கிராமங்களின் தானியத்தை வாங்கிற்று. அப்பம் கேட்டவனுக்குக் கல்லைக் கொடுப்பது போன்றது இது என்று விவிலிய உருவகத்தைக் கையாண்டு, 1942-ல் ஸ்ரீ குமாரப்பா எழுதினார். குதிரும் பத்தாயமும் காலியான பின் கையிலுள்ள நோட்டை எவன் உண்பான் என்பதே அதன் ஸாரம். அடுத்த வருஷம் வங்காளத்தில் லக்ஷக்கணக்கானோர் பட்டினியால் மாண்டபோது, அந்த எச்சரிக்கையின் பொருள் தேசத்துக்கு விளங்கிற்று. அப்போது அவர் சிறையிலிருந்தார்.

ஜபல்பூர்ச் சிறையில் அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுநாதரின் போதனையைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டையும் படித்த மகாத்மா, தெய்வ சாஸ்திரத்துக்கு ஒன்றும் கிராமக் கைத்தொழிலுக்கு ஒன்றுமாக இரண்டு டாக்டர் பட்டங்களை வேடிக்கையாக அவருக்குச் சூட்டினார். பின்னதில் அவர் ஜீவராசிகள் உணவு தேடும் வகையைக் கொண்டே பொருளாதாரத்தைப் பாகுபடுத்துகிறார். புலி கொன்று தின்கிறது. குரங்கு பிறர் விளைத்ததைப் பறிக்கிறது. பறவை தன் முயற்சியால் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை பிரதிபலன் கருதாமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனித ஸமுதாயம் புலியிலிருந்து தாய்ப்பறவையை நோக்கி நடப்பதே முன்னேற்றம் என்பது அவர் கண்ட தத்துவம்.

தத்துவத்தோடு அவர் நிற்கவில்லை. ஒரு லக்ஷம் ஜனங்கள் உள்ள பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 16 அவுன்ஸு, அதற்குமேல் பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய்கறி, கிழங்கு, பழம் என்று வகுத்து, எல்லாம் சேர்ந்து சுமார் 2,860 கலோரி வரும்படி ஓர் உணவுப் பட்டியலை அமைத்தார். அந்தப் பட்டியலுக்கு எத்தனை ஏக்கரில் எந்தப் பயிர் வேண்டும் என்றும் கணக்கிட்டார். முதலில் அப்பிரதேசத்து மக்களின் இலை நிரம்ப வேண்டும்; மிஞ்சியதே சந்தைக்குப் போக வேண்டும். நிலத்தைச் சொந்தக்காரன் இஷ்டப்படி மாத்திரம் உழுவது தகாது, சுற்றியுள்ளவர்களின் தேவையைக் கருதி உழ வேண்டும் என்ற இந்தக் கொள்கைக்குச் சமநிலைச் சாகுபடி என்று பெயர்.

கல்லுப்பட்டிக் குடில்

சுதந்திரம் வந்தபின் காங்கிரஸ் அவரை நிலச் சீர்திருத்தக் கமிட்டியின் தலைவராக நியமித்தது. 1949-ல் வெளிவந்த அதன் அறிக்கை, உழுபவனுக்கே நிலம் என்ற கொள்கையை வற்புறுத்திற்று. ஆனால் புதிய ஆட்சி பெரிய அணைகளையும் பெரிய ஆலைகளையும் நோக்கிச் சென்றது. தோழர்கள் மந்திரிகளானார்கள், அவர் பதவி எதையும் நாடவில்லை. வார்தாவுக்கருகே ஸெல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் நடத்தித் தம் சாகுபடிக் கொள்கையைச் சோதித்தார். உடல் நலிந்தபின் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன ஆசிரமத்துக்கு வந்து சிறு குடிலில் வாழ்ந்தார். அக்குடிலில் ஓர் ஏழைக் குடியானவனின் படத்தை மாட்டி, அவனே தம் குருவுக்கும் குரு என்று வந்தவர்களுக்குக் காட்டுவது அவர் வழக்கம். 1960 ஜனவரி 30-ந் தேதி, மகாத்மா மறைந்த அதே நாளில், சென்னை வைத்தியசாலையில் அவர் காலமானார்.

கைக்குத்தலரிசியைப் பாதுகாக்க மில்களைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று 1958-ல் பிறந்தது. 1997-ல் அதுவும் நீக்கப்பட்டது. அவர் தோல்வியடைந்தவரா என்று கேட்போருக்கு ஒரு செய்தி சொல்வோம். பின்னாளில் ரேஷன் கடைகளில் வழங்கிய அரிசியில் இரும்பு ஸத்தும் போலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் கலந்த மணிகளைச் சேர்த்தார்கள். யந்திரத்தால் ஸத்தைச் சுரண்டிவிட்டு, மற்றொரு யந்திரத்தால் ஸத்தைச் சேர்க்கும் இரட்டைச் செலவை அவர் கண்டிருந்தால் எந்தப் பத்தியில் எழுதியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

நமது கடமை

தமிழ்நாடு அன்னமிடுவதில் எவருக்கும் பின்வாங்கியதில்லை. 1867-ல் இராமலிங்க அடிகள் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. 1920-ல் சென்னை நகரசபை பள்ளிக்கூடத்தில் உணவளித்தது; 1956-ல் ஸ்ரீ காமராஜர் மதிய உணவை மாகாணமெங்கும் பரப்பினார்; 1982-ல் ஸத்துணவுத் திட்டம் வந்தது; 2022 முதல் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆனால் பள்ளியில் இவ்வளவு பரிவுடன் ஊட்டப்பட்ட பெண் பதினெட்டு வயதில் ஒரகடத்து விடுதிக்கு வந்ததும், அவளுடைய உணவு ஒரு கண்டிராக்டரின் டெண்டர்ப் பொருளாகிவிடுகிறது. நாளை தாயாகப் போகிறவள் அவளே. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. குழந்தைப் பருவத்தில் இட்ட மூலதனத்தை வாலிபத்தில் வீணாக்குவது எந்தக் கணக்கில் லாபமாகும்?

சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட முறையில் ஒன்று சொல்வோம். 250 தொழிலாளருக்கு மேற்பட்ட சாலையில் சிற்றுண்டிச்சாலை வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வகை செய்தது. அந்த உரிமை சாலையின் வாயிலோடு நின்றது. வாயிலுக்கு வெளியேயுள்ள விடுதியும் உணவுக்கடையும் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அச்சட்டப்படி வரும் அதிகாரி உணவில் கேடு உண்டா என்று முதலில் பார்க்கிறார். பருப்பும் கீரையும் போதுமா என்று அளந்து பார்ப்பவர் ஒருவருமில்லை. சமையல் ஒப்பந்தத்தில் இலைக்கு இத்தனை ரூபாய் என்று மட்டும் எழுதினால், விலைவாசி ஏறும்போது கண்டிராக்டர் எழுதப்படாததைக் குறைப்பார். பருப்பு நீர்க்கும், காய் மறையும், வெள்ளைச் சோறு மட்டும் குவியும். ஆதலால் ஒப்பந்தத்திலேயே தலைக்கு இத்தனை கிராம் பருப்பு, இத்தனை கிராம் காய்கறி, கீரை, வாரத்துக்கு இத்தனை முட்டை, அதிகம் தீட்டாத புழுங்கலரிசி, கேழ்வரகு அல்லது கம்பு என்று எழுதுவிக்க வேண்டும். தொழிற்சங்கத்தார் கூலிப் பேச்சுவார்த்தையில் இலையின் அளவையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும்.

தீட்டாத அரிசி பணக்காரரின் பண்டமாகிவிட்டதே, ஏழைக்குக் கட்டுமா என்ற ஆக்ஷேபம் எழும். அது ஏன் விலையேறிற்று என்பதை முதலில் கவனிக்க வேண்டும். தவிட்டிலுள்ள எண்ணெய்ப் பசை சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். ஆகையால் தூர தேசத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் வியாபாரி அதை விரும்புவதில்லை. சிறு அளவில், அழகிய பையில், ஆர்வமுள்ள சிலருக்கு விற்கும் பண்டம் விலையேறவே செய்யும். அரைப்பவரும் உண்பவரும் அருகருகே இருந்து, அன்றாடம் உண்டு தீர்ப்பவர் பலராக இருந்தால் இந்தக் கஷ்டமில்லை. வல்லம்–வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மாத்திரம் 18,720 பேருக்கு இடமுண்டு. தலைக்கு 400 கிராம் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு ஏழரை டன் அரிசி வேண்டும். இவ்வளவு உறுதியான கிராக்கியை எந்தக் குடியானவனும் எந்த மகளிர் குழுவும் கனவிலும் கண்டதில்லை. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து நெல், ஊர்ப் பெண்கள் நடத்தும் சிறு அரவை நிலையத்தில் உமி மட்டும் நீங்கி, இரண்டு நாளில் விடுதி உலைக்குப் போகலாம். உலக்கையைத் திரும்ப எடுக்கச் சொல்லும் நோக்கம் நமக்கில்லை. உமியை மாத்திரம் நீக்கும் ரப்பர் உருளை யந்திரங்கள் இன்று உண்டு. பெண்ணின் தோள் நோகாமல் குமாரப்பாவின் கணக்கு நிறைவேற விஞ்ஞானமே வழி செய்திருக்கிறது.

விடுதிக்கு வெளியே, அறை வாடகைக்கு எடுத்துத் தாமே சமைப்போர் பல்லாயிரவர். 1999 முதல் நடைபெறும் உழவர் சந்தையைப் போன்ற சந்தைகள் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் முறைவேலை முடியும் நேரத்தை அனுசரித்துக் கூட வேண்டும். விடியற்காலையில் மட்டும் கூடும் சந்தை, இரவெல்லாம் உழைத்து விடிந்தபின் திரும்புகிறவனுக்குப் பயன்படாது. அவனுக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடை ஒன்றே. வெளி மாகாணத் தொழிலாளி தன் ரேஷன் அட்டையை இங்கேயே உபயோகிக்கும் ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020-ல் சேர்ந்தது. அதை அவனுடைய பாஷையில் அவனுக்கு எடுத்துச் சொல்லி, கடை வாசல் வரை அழைத்துச் செல்வது தேசத் தொண்டர்களின் வேலை. எஞ்சியுள்ள ஏரிகளையும் அவற்றின் ஆயக்கட்டையும் காப்பது பஞ்சாயத்துக்களின் வேலை. புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதெல்லாம், அங்கே வரப்போகும் ஜனங்களின் உணவு எந்த நிலத்திலிருந்து வரும் என்று ஒரு பட்டியல் போடச் சொல்லி ஸர்க்காரை நெருக்குவது நம் எல்லோருடைய வேலை.

ஸ்ரீ குமாரப்பாவுக்குச் சிலைகள் அதிகமில்லை. அவர் அதை விரும்பியவருமல்லர். யந்திரத் தொழிலைப் பற்றி அவர் கொண்ட கருத்து முழுவதையும் ஒப்புக்கொள்ளாதவர்களும், அவருடைய கணக்கை மறுக்க முடியாது. ஒரு தாலுகாவின் ஐசுவரியத்தை அறிய வேண்டுமானால் அதன் தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பார்க்க வேண்டாம். அதன் சோற்றுப்பானையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் சரிதம் நமக்குப் புகட்டும் பாடம். ஸ்ரீபெரும்புதூர்த் தாலுகாவின் பானையைத் திறந்து பார்க்கும் துணிவு நம் ஊழியர்களுக்கு உண்டாகுக.